தட்டினதையே தட்டிய பம்பை

நான் முன்பு வேலை செய்த ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இப்போது வாத்தியங்களை விலைக்கு வாங்குவதில்லையாம். மாதா மாதம் வாடகை கட்டினால் போதுமாம். கம்ப்யூட்டரே இறக்கிக்கொண்டு, அதுவே பொருத்திக்கொண்டு, அதுவே திறந்துகொள்கிறதாம். போன வாரம் முதலாளி சலீம் பாயைப் பார்க்கப் போயிருந்தபோது அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். "முன்னாடி இதுக்குன்னே ஒரு ஆளு இருந்தாங்களாமே, அது நீங்கதானா? நாள் பூரா என்னதான் பண்ணுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. சிரித்துவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்தது மனசில் கிடந்து உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் ரூம் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கிரிவலப் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாட அஞ்சு பேர் வேண்டுமாம், நீயும் வா என்று சலீம் பாயின் ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாடியில் இரண்டே ரூம். நடுவில் கண்ணாடி. பாட்டு ஆரம்பித்ததும் எனக்குக் குரல் எழும்பவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பாய் குரல் வந்தது. "அஞ்சுல நாலுதான் கேக்குது. யாரும்மா அது, வெறும் காத்த மட்டும் வுடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றவளிடம், "அந்த மூணாவது லைட்டு வேற ங்ஙுனு பாடினே இருக்குது, வா போயிடலாம்" என்று முணுமுணுத்தேன். மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. பாய் எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நேராகப் போய் மூன்றாவது டியூப் லைட்டை அணைத்தார். திரும்பப் போய் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். ஒரு மாதமாக எல்லாப் பாட்டிலும் ஏதோ ஒரு இரைச்சல், எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாராம்.

"நீ பாட வேணாம்மா," என்றார். "கேக்கறதுக்கு வர்றியா?"

அப்படித்தான் சேர்ந்தேன். முதலில் கூட்டுவது, ஒயர் சுற்றுவது, டீ வாங்கி வருவது. பிறகு ஹெட்போனில் கேட்டு எங்கே இரைச்சல், எங்கே மூச்சு விழுந்திருக்கிறது என்று சொல்வது. மௌஸ் பிடிக்க ஒரு வருஷம், பயமில்லாமல் பிடிக்க இன்னொரு வருஷம். அதற்குள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வாத்தியங்கள் வந்துவிட்டன. பிளகின் என்பார்கள். எங்கேயோ யாரோ ஒரு வீணையை ஒவ்வொரு சுரமாக மீட்டி, மெல்ல ஒருமுறை, அழுத்தி ஒருமுறை என்று ஆயிரக்கணக்கில் பதிவு செய்து ஒரு மூட்டையாகக் கட்டி விற்பார்கள். நாம் வாங்கி நம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு கீபோர்டு கட்டையை அழுத்தினால் அந்த வீணை பேசும்.

பொருத்துகிற வேலை என்னிடம் வந்த காரணம் வேடிக்கையானது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு நீளமான சீரியல் நம்பர் வரும். எழுத்தும் எண்ணும் கலந்து முப்பது இருக்கும். பாய்க்கு இங்கிலீஷ் தெரியும். தெரிந்ததே தொந்தரவு. பாதியைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து அடித்துவிடுவார், தப்பாகிவிடும். மூன்று தடவை தப்பானால் கம்பெனி பூட்டிவிடும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். ஊகிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பேன், அடிப்பேன், பென்சிலால் அதன் கீழே ஒரு புள்ளி வைப்பேன். சைபருக்கும் ஓ என்கிற எழுத்துக்கும் சந்தேகம் வந்தால் கீழே இரண்டு புள்ளி. ஒரு நம்பரும் என் கையில் தப்பானதில்லை.

பாயின் முறைகளைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விலையைக் குறைப்பார்கள். அது சரியாக நம் கார்த்திகை தீப சமயத்தில் வந்து விழும். ஊரில் லட்சம் லட்சமாக ஜனம், நெட் நத்தை மாதிரி ஊரும், அந்த நேரத்தில்தான் நாங்கள் வாங்கியாக வேண்டும். வாங்குவதற்கு முன் மூன்று நாள் அந்த வாத்தியத்தின் மாதிரிச் சத்தத்தை எங்களைக் கேட்க வைப்பார். மூன்றாம் நாளும் பிடித்திருந்தால் வாங்குவார். வாங்கினதை ஒரு பாட்டிலாவது போடாமல் அடுத்ததற்கு விலை கேட்க மாட்டார். ஒருமுறை பாட்டுக்காரர் ஒருவர், "எதுக்கு பாய் காசு, எல்லாமே இதுல இருக்குது" என்று திருட்டு வாத்தியங்கள் நிறைந்த ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினார். பாய் அதைத் தொடக்கூட இல்லை. "திருட்டு வீணைல அண்ணாமலையாருக்குப் பாட்டா? உங்க சாமியும் ஒத்துக்காது, எங்க அல்லாவும் ஒத்துக்க மாட்டாரு. எடுத்து பாக்கெட்ல வைங்க" என்றார்.

ஒரு பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி கேட்பார். தீர்ப்பு மூன்றே. "கொஞ்சம் ஜாஸ்தி." "கொஞ்சம் கம்மி." "இருக்கட்டும்." நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அடியோடு பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல், "டீ சாப்ட்டியா?" என்பார். அந்த டீயை நாங்கள் பயந்துகொண்டேதான் குடிப்போம்.

அடுக்குகிற வேலையும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு நாதஸ்வர பிளகினை மட்டும் போட்டால் பொம்மை ஊதுகிற மாதிரி இருக்கும். ஆகவே இரண்டு மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்போம். ஒன்றில் ஊதத் தொடங்குகிற மூச்சை மட்டும் எடுத்துக்கொள்வது. இன்னொன்றில் நடு உடம்பு. மூன்றாவது, கோபுரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போல எட்டத்தில். மூன்றுக்கும் அடிச்சத்தம் இருந்தால் குழம்பும், அதனால் இரண்டில் அடியை வெட்டிவிட வேண்டும். மூன்றும் ஒரே நொடியில் விழாமல் இம்மி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். "ஒரே ஆள மூணு எடத்துல நிக்க வெச்சா கூட்டம் ஆயிடுமா? மூணு ஆளு வேணும்" என்பார். இந்த வார்த்தையை நான் எல்லோருக்கும் சொல்வேன். அதை நானே மறந்திருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அது ஓர் ஆடி மாதம். திங்கட்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஏழுமலை என்பவர் ஊர்த் திருவிழாவைப் பார்த்துக்கொள்கிறவர். கூட அவருடைய அக்கா பச்சையம்மா, ஐம்பதுக்கு மேல் வயசு, ஒல்லியான உருவம், அடிக்குரலில் பேசுவார். மூன்றாவது ஆள் பம்பைக்காரர் கோவிந்தன், வலது கையில் மாவுக்கட்டு.

அவர்கள் ஊரில் அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அதற்கு முன்னால் ஏரிக்கரையில் கரகம் ஜோடித்து வைத்து, பம்பை அடித்து, அம்மனை வர்ணித்துக் கூப்பிட வேண்டும். பச்சையம்மா மேல்தான் சாமி வரும். வந்து உத்தரவு கொடுத்தால்தான் கரகம் எழும்பும். கோவிந்தன் வண்டியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். ஆடி வெள்ளிக்கு வேறு எந்த பம்பை செட்டும் கிடைக்கவில்லை.

"எல்லா செட்டும் புக்காயிட்சி பாய்," என்றார் ஏழுமலை. "அதான் கோவிந்தண்ணன் வாயால பாடிடட்டும், மேளத்த நீங்க மிஷின்ல போட்டுக் குடுங்க. ஸ்பீக்கர்ல போட்டுக்கறோம்."

"மிஷின்ல போட்டா சாமி வருமா?" என்றார் பாய்.

"அதத்தான் கேட்டுட்டுப் போலாம்னு அக்காவயும் இட்டாந்தேன்."

கோவிந்தன் பாடினார். ஒரே தடவையில் முடித்துவிட்டார், மைக் முன்னால் கூச்சமே இல்லை, எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்து மேளம். எங்களிடம் நம் பக்கத்து மேளங்கள் உள்ள ஒரு பிளகின் இருந்தது, அதில் பம்பையும் உண்டு. எந்தக் கட்டையில் எந்தச் சத்தம் என்று காட்டினேன். கோவிந்தன் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து இடது கையாலேயே தட்ட ஆரம்பித்தார்.

"குச்சி இல்லாம அடிக்கறது தண்ணி இல்லாம குளிக்கற மாதிரி கீதும்மா," என்றார். ஆனால் அரை மணியில் பிடித்துக்கொண்டார். பம்பை என்பது இடுப்பில் சேர்த்துக் கட்டுகிற இரண்டு மேளம், ஒன்று மரம், ஒன்று வெண்கலம். மரத்தை ஒரு தடவை, வெண்கலத்தை ஒரு தடவை, உடுக்கையை ஒரு தடவை என்று தனித்தனியாகத் தட்டினார். நான் அடுக்கினேன்.

பச்சையம்மாவுக்கு ஹெட்போன் மாட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏழுமலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. பச்சையம்மா கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் கீது," என்றார்.

"நல்லாக்கீதா இல்லியானு யாரு கேட்டா? ஒண்ணுமே இல்லியாக்கா?"

"ஒண்ணும் இல்லடா."

பாய் சுவரிலிருந்து திரும்பினார். "டீ சாப்ட்டீங்களா எல்லாரும்?"

ஆண்கள் கீழே டீக்கடைக்குப் போனார்கள். பச்சையம்மா போகவில்லை. நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவராகவே சொன்னார்.

"இருவது வருசமா நான்தான் கரகம் எடுக்கறேம்மா. வெள்ளிக்கிழம வரலன்னா மேளத்துல தப்புனு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. இவ மேல இருந்து எறங்கிட்சி, இவ என்னா பண்ணாளோன்னு சொல்லுவாங்க. வூட்டுக்காரரும் போயிட்டாரு. அந்த ஊர்ல எனக்குனு இருக்கறது அது ஒண்ணுதான்."

"மேளம் எப்படி இருந்துச்சி?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "தட்டினதயே தட்டுது," என்றார்.

அவர்கள் மறுபடி வருவதாகச் சொல்லிப் போன பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டில் குறையில்லை. தட்டினது கோவிந்தன், காலத்தில் குறையில்லை. குரலை நிறுத்திவிட்டு மரப் பம்பையை மட்டும் கேட்டேன். பத்து அடி, இருபது அடி. பிறகு முதல் அடியையும் ஏழாம் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். இரண்டும் ஒன்று. மெல்லத் தட்டினால் சின்னதாக, அழுத்தித் தட்டினால் பெரிதாக வந்ததே தவிர, அடி அதே அடி. ஒரே ஆளை முந்நூறு இடத்தில் நிற்க வைத்திருந்தேன்.

எதனால் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

மூன்று வருஷம் முன்பு அந்த மேளப் பிளகினைப் பொருத்தும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. முழுசு வேண்டுமா, சின்னது போதுமா. முழுசில் ஒவ்வோர் அடிக்கும் எட்டு தனித்தனிப் பதிவு இருக்கும். ஒரே கட்டையை எட்டு முறை தட்டினால் எட்டு வெவ்வேறு அடி கேட்கும். சின்னதில் ஒன்றே ஒன்று. அன்றைக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் கம்மி, நெட்டும் தீர்ந்துகொண்டிருந்தது. இப்போதைக்குச் சின்னதைப் போடுவோம், அப்புறம் மாற்றிக்கொள்வோம் என்று போட்டேன். பாய் முழுசுக்கு விலை கொடுத்து வாங்கியிருந்தார். அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நாளைத் தள்ளினேன், மறந்தே போனேன். அந்த மூன்று வருஷத்தில் அந்த மேளத்தை எத்தனை பாட்டில் போட்டிருப்போம். எத்தனை பேர் "இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். முதல் தடவையாக ஒரு அம்மா கண்டுபிடித்திருக்கிறார். சொல்லாமல் விட்டால் அந்தப் பழி முழுக்க அவர் தலையில்தான் விழும்.

செவ்வாய்க்கிழமை காலை பாய் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். உள்ளே போனால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். சின்னது, முழுசு, மூன்று வருஷம், எல்லாவற்றையும் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். பிறகு சொன்னார்: "பொருத்தினது நீ. மூணு வருசமா சொவுத்தப் பாத்துக் கேட்டுட்டு இருக்கட்டும் இருக்கட்டும்னு சொன்னது யாரு? ஆளுக்குப் பாதி வெச்சிக்கலாம். சரி, முழுசு எறங்க எத்தினி நாள் ஆவும்?"

எங்கள் நெட்டில் போட்டுப் பார்த்தோம். ஆறு நாள் என்று காட்டியது. அடுத்த நாள் பௌர்ணமி வேறு, கிரிவலக் கூட்டத்தில் அதுவும் ஓடாது. அப்போதுதான் நான் முன்பு வேலை செய்த விடுதி ஞாபகத்துக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்காக அங்கே வேகமான நெட் வைத்திருந்தார்கள்.

"நீதான் போவணும். நம்பரெல்லாம் உனக்குத்தான் தெரியும்," என்றார் பாய்.

லேப்டாப்பையும் புது ஹார்ட் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு, நான் துடைத்துப் பெருக்கின அதே விடுதியின் காபிக் கடையில், செவ்வாய் முழுக்கவும் புதன் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டும் மூடாமலும் சும்மா இருந்தார்கள். நானும் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள், நானும் கூப்பினேன். அவள் என்னைப் பெரிய தியானக்காரி என்று நினைத்திருக்க வேண்டும். விடுதிக்காரர் மட்டும், "ஏன் சரோஜா, இந்நேரத்துக்கு ரெண்டு மாடி தொடச்சிருப்ப" என்றார். "தொடச்சிட்டுதாங்க இருக்கேன்" என்றேன்.

வியாழன் காலை பொருத்தினேன். பழைய மூட்டையை அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வைத்தேன். புதியதற்குப் பழைய பெயரையே வைத்தேன். அப்போதுதான் பாட்டைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் வாத்தியத்தைக் காணோம் என்று தேடாது. சீரியல் நம்பர், முப்பது புள்ளி. கேள்வி வந்தது. முழுசு.

கோவிந்தன் திங்கட்கிழமை இடது கையால் தட்டியதெல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதே தட்டு, இப்போது வேறு வேறு அடியாகப் பேசியது. மதியம் அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். கோவிந்தன் முதலில் கேட்டார். முகம் மாறியது.

"இது மேளம்மா," என்றார். "ஆனா நெருப்புல காட்டாத மேளம். நாங்க ஏரிக்கரைல வைக்கோலக் கொளுத்திக் காச்சிட்டுதான் அடிப்போம். தோலு நல்லா ஏறி நிக்கணும்."

மரப் பம்பையின் சுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். "இன்னும்," என்றார். "இன்னும் ஒரு சிட்டிக. போதும், கிழிஞ்சிடும்." வெண்கலத்தை மரத்துக்கு இம்மி பின்னால் தள்ளி வைத்தேன். எட்டத்தில் வைப்பதற்காகச் சேர்த்திருந்த மூன்றாவது அடுக்கை எடுத்துவிட்டேன். அது கோபுரத்துக்குச் சரி. அவர்கள் கூப்பிடுகிற அம்மனுக்கு மேளம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பச்சையம்மா உட்கார்ந்தார். ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். அவருடைய காது சில்லென்று இருந்தது. ஓட்டினேன். பாய் சுவரைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பச்சையம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வர்ணிப்பு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் பம்பை வேகம் பிடிக்கிற இடத்தில் பச்சையம்மாவின் கால் கட்டைவிரல் தரையை அழுத்தியது. முழங்கையிலிருந்து மயிர் கூச்செறிந்தது எனக்கே தெரிந்தது. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டார்.

"நிறுத்திடும்மா," என்றார். மூச்சு வாங்கியது. "இங்க வேணாம். நாளைக்கி இருக்கட்டும்."

பாய் அந்தப் பக்கம் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். இருட்டு ரூமில் ஏழுமலை, "அக்கா, அக்கா" என்றார். "கம்முனு இருடா, தண்ணி குடு," என்றார் பச்சையம்மா. குடித்துவிட்டு, அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாயிட்சி, கெளம்பு" என்று எழுந்தார். பாட்டைப் போட்டுக்கொடுத்த பென் டிரைவைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. தன் சுருக்குப் பையில் போட்டு இறுக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போகவில்லை. வேறு பதிவு இருந்தது. பதினொரு மணிக்கு ஏழுமலை போன் செய்தார். போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார் என்று புரிந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார். ஏரிக்கரைக் காற்று, குழாய் ஸ்பீக்கரில் கோவிந்தன் குரல், எங்கள் மேளம். பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் வேகம் பிடித்த இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் எழுந்தது. கனமான, யாருக்கும் பயப்படாத குரல். மஞ்சத் தண்ணி எங்கடா என்று ஊரையே அதட்டியது.

"யாரு அது?" என்றார் பாய். "அந்தம்மாவா?"

அதுவரை ஒரு தடவை காதில் விழுந்த குரல் யாருடையது என்று நான் தப்பாகச் சொன்னதில்லை. பச்சையம்மாவை இரண்டு நாள் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன். அவருடைய மூச்சுகூட எனக்குத் தெரியும்.

"தெரியல பாய்," என்றேன்.